வித்தியாசம் தேடிய ‘நியாயமா’

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நேர்மையானவர்கள் எத்தனையோ பேர் உண்டு. தன் நேர்மையால் அடுத்தவன் உயிரை வாங்கியவன் ஒருவன்தான். அட்டாளைச்சேனைக்காரன். பல்கலைக்கழக விடுதியில் எங்கள் அறையில் வந்து விழுந்தான். எதைக் கண்டாலும் "இது நியாயமா?" என்பான், அதுவே பெயராகிவிட்டது. உம்மா வைத்த பெயரை வகுப்பில் வரவு இடாப்பு வாசிக்கும்போது மட்டும் கேட்கலாம்.

ஒருநாள் கல்முனை பஸாரில் இடுப்பில் உடுக்கச் சாரம் வாங்கப் போனோம். கடைக்காரர், "இதுதான் கடைசி விலை" என்றார். எழும்பி நடந்தோம். வழக்கப்படி கூப்பிட்டுக் குறைத்தார். எங்களுக்கு வாயெல்லாம் பல். நியாயமாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"அப்ப முதல் சென்ன கடைசி விலை பொய்தானே காக்கா?"

"மனே, நீ சாரம் எடுக்க வந்தயா, என்னைக் கப்றுக் குழியில வெச்சுக் கேள்வி கேக்க வந்தயா?"

அந்தக் கடைப்பக்கம் நான் இன்றும் தலை காட்டுவதில்லை.

இப்படிப்பட்டவன் முகாமைத்துவம் படித்து, இறுதியாண்டு ஆய்வுக்கு ‘பல்வேறு கலாசார வணிக மாணவர்களின் ஒழுக்க விழுமியங்கள்: ஓர் ஒப்பீடு’ என்று தலைப்பு எடுத்தால் விடுதி உருப்படுமா? குளிக்க வரிசையில் நின்றவனையெல்லாம் பிடித்து, "இலஞ்சம் குடுப்பியா?" என்று கேட்டான். முஸ்லிம் பொடியன்மார், "அஸ்தஃபிருல்லாஹ், ஹராம்!" என்றார்கள். தமிழ்ப் பொடியன்மார், "சீ, பாவம்!" என்றார்கள். சிங்களப் பொடியன்மார், "ஐயோ, பவ்!" என்றார்கள்.

ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் சேர் முகத்தைச் சுளித்தார். "ஒப்பீடு எண்டா வித்தியாசம் வேணும் தம்பி. இப்பிடியே கொண்டு வந்தா பாஸ் பண்ண ஏலாது."

நியாயமாவுக்குச் சோறு இறங்கவில்லை. டிகிரி முடித்தால்தான் கலியாணம் என்று அவனுக்குப் பேசி வைத்த பெண் வீட்டார் ஒரே பிடியாக நின்றார்கள்.

சொல்தான் பிழை என்று திடீரென்று அவனுக்கு உதித்தது. இலஞ்சம் என்று யார் சொல்கிறார்கள்? அரசாங்கக் கந்தோரில் நாம் கொடுப்பது ‘சந்தோசம்’ அல்லவா! மறுபடி கிளம்பினான்.

"வேலை முடிச்சுத் தந்தா சந்தோசம் குடுப்பியா?"

"பின்ன? குடுக்காம?"

மூன்று சமூகமும் ஒரே குரல். சிங்களத்திலும் அதற்கு அதே சொல்தானாம்! அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் அவனைச் சுற்றிக்கொண்டோம். மருதமுனை முஸ்லிம் நான், பாண்டிருப்புத் தமிழன் சுரேன், குருநாகல் சிங்களவன் நுவன்.

"டேய், எங்கட ஆக்கள் ஓம் எண்டு செல்றம்," என்றேன். "நுவன்ட ஆக்கள் இல்லை எண்டு செல்லட்டும். வித்தியாசம் வந்திரும்."

"நான் ரெண்டும் எண்டு சொல்றன்," என்றான் சுரேன்.

"மச்சான், நான் பொய் சொல்றது. உனக்குத்தானே," என்றான் நுவன்.

நியாயமா எங்களை மாறி மாறிப் பார்த்தான். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனான்.

வாய்மொழிப் பரீட்சையன்று கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

"என்ன வித்தியாசம் கண்டீர்?"

"ஒண்டுமில்ல சேர். ஆனா ஒண்டு கண்டன். நான் ஃபெயிலாகப் போறன் எண்டு தெரிஞ்சதும், கேக்காமலே மூணு சமூகமும் எனக்காகப் பொய் செல்ல வந்திச்சு. அதிலயும் வித்தியாசமில்ல சேர்."

அதோடு நிறுத்தினானா பாவி? எங்கள் பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒப்புவித்தான்! உள்ளே சிரிப்பு வெடித்தது.

வெளியே வரட்டும், தோலை உரிப்போம் என்று கையை மடக்கிக்கொண்டு நின்றோம். கதவு திறந்தது. "பாஸாகிட்டன்டா," என்றான். முதலில் பாய்ந்து கட்டிப்பிடித்தவன் நுவன், பிறகு சுரேன். என் முறை வந்தபோது எனக்கு அவனை விடவே மனம் வரவில்லை.