படுக்க வைத்த எஞ்சின்

டாலிகஞ்ச், கல்கத்தா
8-10-2003

சிரஞ்சீவி சீதாராமனுக்கு உன் அத்திம்பேர் மஹாதேவன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அக்கா வசுமதியும் க்ஷேமம். எஞ்சின் மட்டும் க்ஷேமமில்லை.

நங்கநல்லூரில் மாடிப் போர்ஷனைக் காலி செய்து வைத்திருப்பதாகவும், தீபாவளிக்குள் நாங்கள் கல்கத்தாவை விட்டு வந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வருகிறேன். நான் செய்திருக்கும் நீராவி எஞ்சின் மொட்டை மாடித் தண்டவாளத்தில் என்றைக்கு ஒரு சுற்று சுற்றுகிறதோ, அன்றைக்கே டிக்கெட் எடுக்கிறேன். அதற்கு முன்னால் நகர மாட்டேன்.

ரிடையர் ஆன வயதில் இது என்ன பைத்தியம் என்று கேட்டிருக்கிறாய். முதன்முதலில் வந்த ரயில் எஞ்சின்களின் படத்தை நீ பார்த்ததில்லை. உயரமான புகைபோக்கி, பீப்பாய் மாதிரி பாய்லர், பக்கத்தில் சாய்வாக ஒரு பிஸ்டன். எதற்கும் மூடி கிடையாது. எது தள்ளுகிறது, எது சுற்றுகிறது, எல்லாம் வெளியே தெரியும். துறைமுக ஆபீசில் முப்பத்துமூன்று வருஷம் காகிதம் தள்ளினேன். எந்தக் காகிதம் தள்ளி எது நகர்ந்தது என்று ஒரு நாள்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

பெஹாலா லேத் பட்டறைக்கு எட்டு மாசம் அலைந்து, முழங்கை நீளத்துக்கு எஞ்சினை முடித்து, விச்வகர்மா பூஜையன்று பட்டம் விட எல்லாரும் மாடிக்கு வருவார்களே, அப்போது ஓட்டிக் காட்டலாம் என்று தூக்கிக்கொண்டு போனால், கீழ் வீட்டு நிமாய் தாதா (இங்கே அண்ணாவைத் தாதா என்பார்கள்), இன்றைக்கு மெஷினுக்கு லீவு, ஓட்டக் கூடாது என்று அதற்குக் குங்குமம் வைத்து மாலையும் போட்டுவிட்டார். மாலை நார் சக்கரத்தில் சிக்கி, அதைப் பிரித்தெடுப்பதற்குள் நவராத்திரி வந்துடுத்து. கொலுவில மூணாம் படியில இடம் காலியா இருக்குன்னு உன் அக்கா எஞ்சினைத் தூக்கி வெச்சுட்டா. கொலுவுல வெச்சதை நகர்த்தக் கூடாதாம். ஒன்பது நாள் அதுக்கு எதிரே உக்காந்து சுண்டல் தின்னேன். பார்க்க வந்த பெங்காலி மாமிகள் அம்பாளை விட்டுட்டு அதைத்தான் முதல்ல கும்பிட்டா. விஜயதசமி சாயங்காலம், விடிஞ்சதும் பத்த வெக்கலாம்னு, படியில இருந்தபடியே பாய்லர்ல தண்ணியும் அதுக்கு அடியில இருக்கற விளக்குல ஸ்பிரிட்டும் ரொப்பிட்டு நெருப்புப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனேன். கொலு முடிஞ்சா ஒரு பொம்மையைப் படுக்க வெக்கணுமோல்லியோ, வருஷா வருஷம் மரப்பாச்சியைத்தான் படுக்க வெப்பா. இந்த வருஷம் எஞ்சினைப் படுக்க வெச்சுட்டா. தண்ணியும் ஸ்பிரிட்டும் கீழ்ப் படி வரைக்கும் ஓடி, செட்டியார் பொம்மை சாயம் போய் நிக்கறார். புகைபோக்கி வளைஞ்சுடுத்து. கேட்டா, "ஒன்பது நாளா நின்னுண்டே இருந்துதே, பாவமா இருந்தது" ங்கறா.

அவளுக்கு மெட்ராஸ் போகணும், அதான் இத்தனையும். அவளை முன்னால் அனுப்பி வைக்கிறேன், ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போ. புகைபோக்கியை நிமிர்த்தியாகிவிட்டது. நாளை பற்ற வைத்தே தீருவேன்.

ரஞ்சனாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் தடம் புரளாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மஹாதேவன்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்கு முன் எழுதுகிறேன். இன்று காலை எஞ்சின் ஓடிவிட்டது. ஏழு சுற்று. குச்சியைக் கிழித்துப் பற்ற வைத்தது உன் அக்காதான். பிஸ்டன் கம்பி போய்ப் போய் வருவதை அவள் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற டிக்கெட் எடுக்கக் கிளம்பினேன். "எங்கே கிளம்பிட்டேள்? பெட்டி இல்லாம ஒரு ரயிலா? ரெண்டு பெட்டி பண்ணுங்கோ, ஒண்ணுல மரப்பாச்சி உக்காரட்டும். அதுவரைக்கும் நான் வரலே" என்றாள். மேலே அவளைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். மாடிப் போர்ஷனை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு.