கூரை வரைக்கும் ஒரு சுவர்

ப்ளம் கேப்,
வெள்ளிக்கிழமை மாலை

பெருமதிப்பிற்குரிய அண்ணன் லாசெல்ஸ் அவர்களுக்கு, தங்கை வெரோனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அண்ணி கிளாடெட்டும் பிள்ளைகளும் கிங்ஸ்டனில் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், என் வீட்டுக்காரர் சுகம், கொல்லையில் ஈரப்பலா இந்த வருடம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. என் தொண்டை மட்டும் சுகமில்லை. இத்தோடு மரியாதை முடிந்தது. இனி நீ என் அண்ணன், கட்டட ஆபீஸில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவன், நான் எழுதுவதைக் கடைசி வரி வரைக்கும் படித்தே தீர வேண்டியவன்.

நம் பள்ளிக்கூடம் உனக்குத் தெரியாததல்ல. நீ படித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, அதுதான் என் புகார். ஒரே நீளக் கூடம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நாளில் ஆறு வகுப்பு. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, சட்டத்தில் தொங்கும் கரும்பலகைதான். இடப்பக்கம் ஒன்றாம் வகுப்பு டல்லக் மிஸ். காலையில் மணி அடித்ததும் பாட ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வாயை மூடுவாள். வலப்பக்கம் ஐந்தாம் வகுப்பு பிரெண்டர்காஸ்ட் சார். அந்த மனிதர் தும்மினால் கடற்கரையில் வலை உலர்த்துகிறவர்கள் "கடவுள் காப்பாத்தட்டும்" என்று சொல்கிறார்கள். நடுவில் நான், மூன்றாம் வகுப்பு. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்" என்று கையெடுத்துக் கேட்டாகிவிட்டது. "என்ன பண்ணச் சொல்றீங்க மிஸ்? எங்கப்பா மைக் இல்லாம சந்தையில பிரசங்கம் பண்ணவரு. ரத்தத்துல வந்தது" என்கிறார். அதையும் கத்தித்தான் சொன்னார், தலைமை ஆசிரியை லெட்ஜிஸ்டர் அம்மா மேடையிலிருந்து மணியை அடித்து இரண்டு பேரையும் அடக்கினார்.

இதனால் என்ன ஆகிறது என்று கேள். நான் "ஏழு நாலு எவ்வளவு?" என்கிறேன், அந்தப் பக்கம் அவர் "இந்தத் தீவிலேயே உயரமான மலை எது?" என்கிறார், என் பிள்ளைகள் ஒரே குரலில் "ப்ளூ மவுண்டன்!" என்று கூரை அதிரச் சொல்கிறார்கள், அவர் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்து "சபாஷ்!" என்கிறார், அவருடைய பிள்ளைகளில் ஒருத்தன் "இருபத்தெட்டு" என்கிறான், ஆக பாடம் நடக்கத்தான் நடக்கிறது, ஆள்தான் மாறிப்போகிறது. சொல்வதெழுதுதல் வைத்தேன். நான் சொன்னது ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றி, அவர் நடத்தியது ஸ்பானியர்களின் சண்டையைப் பற்றி. பாதி வகுப்பு எழுதியிருந்தது: "ஆட்டுக்குட்டி வேலியைத் தாண்டிக் குதித்து ஆங்கிலேயரிடம் சரணடைந்தது." நான் அதற்கு மதிப்பெண் போட்டேன் அண்ணா, எழுத்துப்பிழை இல்லையே. கரும்பலகையோ இரண்டு பக்கமும் எழுதும் பலகை, நடுவில் அச்சு. அவர் அந்தப் பக்கம் எரிமலை என்று அழுத்தி எழுதினால் இந்தப் பக்கம் என் கழித்தல் கணக்கு ஊஞ்சலாடும். போன மாதம் ஒரு நாள் பலகை முழுசாகவே புரண்டுவிட்டது. என் பிள்ளைகள் எரிமலையைப் பார்த்துக் கணக்கு நோட்டில் எரிமலை வரைந்தார்கள், வண்ணமும் தீட்டினார்கள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டிலிருந்து இரண்டு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து கயிறு கட்டித் திரை போட்டேன். முதல் நாளே கடல்காற்று அடித்து டல்லக் மிஸ்ஸின் குழந்தைகள் அதற்குள் புகுந்து பேய் விளையாட்டு ஆடினார்கள். கழற்ற மறந்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை போதகர் என் செம்பருத்திப்பூ விரிப்புக்கு முன்னால் நின்று கற்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சபையில் பாதிப் பேருக்கு அது எந்த வீட்டுக் கொடியில் காய்கிற விரிப்பு என்று தெரியும். என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து கடைசி வரிசையில் உட்காருகிறார். பிறகு வகுப்பை மாமரத்தடிக்கு மாற்றினேன். மாம்பழக் காலம் என்று உனக்கு நினைவிருக்கும், எனக்குத்தான் இல்லை. என் பேச்சை ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, எல்லாத் தலையும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது, இரண்டாம் நாள் தலைகளே மரத்துக்கு மேலே இருந்தன.

அப்புறம் உன் ஆபீஸிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். டேப்பை நீட்டி ஜன்னலை அளந்தார், பெஞ்சை அளந்தார், "வெளிச்சம் நல்லாருக்கு, காத்து நல்லாருக்கு மிஸ். வேற என்ன வேணும்?" என்றார். "சுவர் வேணும்" என்றேன். "என்னது?" என்றார். "சுவர்!" என்றேன். "சத்தமாச் சொல்லுங்க மிஸ், பாட்டு பாடுறாங்க, ஒண்ணும் கேக்கல" என்றார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் எழுதிக்கொடுத்ததில் எங்களுக்கு ஜன்னல் கொக்கி சிபாரிசு செய்யப்பட்டிருக்கிறது. கொக்கி வந்தும் சேர்ந்தது.

இதுவரை எழுதியதற்கு நீ சிரித்திருப்பாய். சிரி. இனி சிரிக்காமல் படி. என் வகுப்பில் ரோஷீன் என்று ஒரு பெண், படகுக்காரர் எவர்ட்டனின் மகள். மூன்றாம் வகுப்பில் இது அவளுக்கு இரண்டாவது வருடம். இத்தனை நாளில் அவள் படித்து நான் கேட்டதே இல்லை. எழுந்து நிற்கிறாள், புத்தகத்தைப் பிடிக்கிறாள், வாய் அசைகிறது. அல்லது அசைவது போல எனக்குத் தோன்றுகிறது. சத்தம் எல்லாம் டல்லக் மிஸ்ஸுடையதும் பிரெண்டர்காஸ்ட் சாருடையதும்தான். நான் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறாள். அவள் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மிஸ், வீட்டுல அவ வாயை மூடணும்னா நான் கடலுக்குப் போனாத்தான் உண்டு. மீன் வாங்க வர்ற பொம்பளைங்ககிட்ட பேரம் பேசுறதே அவதான்" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அவளுக்குப் படிக்க வருமா வராதா? எனக்குத்தான் வரல" என்றார். எனக்குத் தெரியாது அண்ணா. அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் நான், எனக்கே தெரியவில்லை. ஜூன் மாதம் வாசிப்புத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஓர் அம்மா வருவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டும். காதில் விழாத பிள்ளை படிக்கத் தெரியாத பிள்ளை, அவ்வளவுதான் கணக்கு. மறுபடியும் இதே பெஞ்சில், தம்பி வயசுப் பிள்ளைகளோடு. அவள் வரமாட்டாள், படகில் ஏறிவிடுவாள்.

ஆகவே கேள். எனக்குச் சுவர் வேண்டும். திரை வேண்டாம், தட்டி வேண்டாம், கொக்கி வேண்டவே வேண்டாம். சிமெண்ட் கல் அடுக்கிப் பூசிய சுவர், இரண்டு பக்கமும், தரையிலிருந்து கூரை வரைக்கும், ஒரு வார்த்தை நுழைய இடைவெளி இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை சபை எங்கே உட்காரும் என்று போதகர் கேட்டார். "ரெண்டு தடவை பிரசங்கம் பண்ணுங்க, பாவம் இங்க அவ்வளவு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். ஈஸ்டருக்கு முன்னால் கொத்தனார் வரவில்லையானால் நான் பஸ் பிடித்து என் வகுப்பு மொத்தத்தையும் கிங்ஸ்டனுக்குக் கொண்டுவந்து உன் ஆபீஸ் வராந்தாவில் உட்காரவைத்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லவைப்பேன். பிரெண்டர்காஸ்ட் சாரும் வருகிறேன் என்கிறார். சின்ன வயசில் அம்மா உன்னைக் கடைக்குப் போகச் சொல்லி நீ போகாதபோது நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார். அதே வெரோனாதான், இப்போது உடம்பும் போட்டிருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். பஸ்காரரிடம் மரவள்ளிக்கிழங்கு ரொட்டி, நம் பாமியும், ஈரப்பலாவும் கொடுத்து அனுப்புகிறேன், சூடுபடுத்திச் சாப்பிடு. கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல காதும் தரட்டும்.

உன் பாசமுள்ள, விடாப்பிடியான தங்கை,
வெரோனா

பின்குறிப்பு: திங்கள் மாலை. தபாலாபீஸ் பூட்டியிருந்ததால் கடிதம் என் பையிலேயே இருந்தது, நல்லதாகப் போயிற்று. மேலே சுவர் என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிடு. கொத்தனாரை அனுப்பாதே. அனுப்பினால் வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புவேன்.

நடந்தது இதுதான். நேற்று வழிபாடு முடிந்ததும் எவர்ட்டனும் இன்னும் சில அப்பாமார்களும் எங்கிருந்தோ பிளைவுட் பலகைகளைக் கொண்டுவந்து என் வகுப்புக்கு இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டார்கள். இன்று காலை உள்ளே போனால் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. டல்லக் மிஸ்ஸை யாராவது அவளுடைய சொந்த ஊருக்கே கூட்டிப்போய் அவள் அம்மாவிடம் விட்டுவிட்டார்களோ என்று தோன்றியது. "காலை வணக்கம்" என்றேன், முன்வரிசை மிரண்டு பின்னால் சாய்ந்தது. இத்தனை வருடமாக நான் எவ்வளவு கத்திக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏழு நாலு கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. முன்பு தப்பாகச் சொன்னால் இரைச்சலோடு போய்விடும். இப்போது தப்பு தனியாகக் கேட்குமே. ரோஷீனை எழுப்பினேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள், எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள், கண்ணில் தண்ணீர். நான் கேட்டு வாங்கிய அமைதியை நானே திட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது மழை பிடித்தது. தகரக் கூரையில் கொட்டியதில் எதிரில் இருக்கிறவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. பிள்ளைகள் ஜன்னல் பக்கம் ஓடிவிட்டார்கள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்றதும் ரோஷீனின் வாய் அசைந்தது. நான் குனிந்து, அவளைப் பார்க்காமல், பெஞ்சைத் துடைப்பதுபோல் காதைக் கொண்டுபோனேன். படிக்கிறாள் அண்ணா! திக்காமல், ஒரு சொல் விடாமல், மீன் விற்கிறவள் மாதிரி ஏற்றி இறக்கிப் படிக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த ஊர் மழை உனக்குத் தெரியும், குழாயை மூடினாற்போல் நின்றது. அவள் கவனிக்கவில்லை. "இருட்டில் ஒரு படகு கரையைத் தேடி வந்தது" என்று அவள் குரல் கூடம் முழுக்கத் தனியாகக் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. அவள் வாய் திறந்தபடி நின்றுவிட்டாள்.

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரெண்டர்காஸ்ட் சார் கத்தினார்: "யாரது, இவ்வளவு தெளிவாப் படிக்கிறது? படகு வந்துச்சு, சரி. அப்புறம் என்ன ஆச்சு?"

சிமெண்ட் கல் சுவராக இருந்திருந்தால் அந்த மனிதருக்கே கேட்டிருக்காது.

ரோஷீன் என்னைப் பார்க்கவில்லை. பிளைவுட்டைப் பார்த்தாள். பக்கத்தைப் புரட்டினாள். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் அந்தப் பக்கம் பெஞ்சைத் தட்டி "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்க, அவள் புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்குக் கேட்கும்படி, கத்திப் படித்தாள்.