மூன்றடுக்கு கேக்கும் பதினேழு அங்குலச் சக்கரமும்

"மெதுவாங்க, மெதுவா! மேல் அடுக்கு நகருது!"

பின் சீட்டில் கேக் பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு மனைவி கத்தினாள்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும்மா," என்றார் சூப்பர்வைசர்.

அதில் பொய்யில்லை. ஒரு சைக்கிள்காரர் அவர்களை முந்திக்கொண்டு போனார். போகிறபோக்கில் திரும்பிப் பார்த்து, பரிதாபமாகச் சிரிக்கவும் செய்தார்.

அடுத்து ஒரு பள்ளம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தக் கார் அதைச் சட்டை செய்திருக்காது. இப்போது டமால் என்று விழுந்து எழுந்தது. சூப்பர்வைசரின் மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்தது. பின்னாலிருந்து "ஐயோ" என்று ஒரு குரல் கேட்டது.

விழா மண்டபத்து வாசலில் பெட்டியைத் திறந்தார்கள். மேல் இரண்டு அடுக்குகளும் சரிந்து, பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல நின்றன.

"கிரீமை நான்தான் சரியா அடிக்கல," என்றாள் மனைவி மெல்ல. "மூணாவது தடவைங்க. என் கைக்கு என்னமோ ஆயிடுச்சு."

இந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தார். "பரவாயில்ல, பார்க்கிறவங்களுக்குத் தெரியாது," என்று சொல்லி மூடிக்கொண்டார்.

அவள் தலையைக் குனிந்தபடியே கேக்கை மேசையில் வைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் ஓடிவந்து காரில் ஏறிக்கொண்டாள். உள்ளே யாரோ சிரித்தார்கள். நாலைந்து பேர் செல்போனை எடுத்துப் படம் பிடிப்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. சூப்பர்வைசருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏனென்றால் கிரீமில் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்கச் சக்கரத்தில் இருந்தது. சக்கரத்தை மாட்டியவர் அவர்.

சூப்பர்வைசர் இருபது வருஷமாக மெத்தைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். மெத்தையை ஒரு முறை அழுத்திப் பார்த்தே, அது இடுப்பு வலிக்காரருக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுவார். ஆனால் தொழிற்சாலை வாட்ச்மேன் அவருக்கு சல்யூட் அடித்ததே இல்லை. புதிதாக வந்த மேனேஜரின் காருக்கு மட்டும் அடித்தான். அந்தக் காரின் சக்கரங்கள் பெரிதாகப் பளபளவென்று இருந்தன. சூப்பர்வைசர் நேரே டயர் கடைக்குப் போய்விட்டார்.

"உங்களுது பதினாலு அங்குலம் சார்," என்றார் டயர் கடைக்காரர். "பதினேழு போட்டா வண்டி ராஜா மாதிரி நிக்கும். ஆனா சக்கரம் பெருசானா மேல இருக்கிற டயர் ஒல்லியாயிடும். உள்ள காத்துக்கு இடம் கம்மி. திருப்பத்துல கப்புனு பிடிச்சுத் திரும்பும், அது நல்லதுதான். ஆனா ரோட்டுல ஒரு கல்லு கிடந்தாலும் உங்க முதுகெலும்பு எண்ணிச் சொல்லிடும்."

சூப்பர்வைசர் 'ராஜா' வரைக்கும்தான் காதில் வாங்கினார்.

மறுநாள் வாட்ச்மேன் சல்யூட் அடித்தான். அதை ஏற்றுக்கொள்ளத் தலையை அசைத்தபோது கேட்டருகே இருந்த வேகத்தடையில் கார் ஏறி, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் மோதி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னங்க, சக்கரம் பளபளன்னு இருக்கு?" என்று மனைவி அன்றைக்கே கேட்டாள்.

"பழசு தேஞ்சு போச்சு. இது இன்னும் மெத்துமெத்துனு போகும்."

"நீங்க சொன்னா சரிதான். மெத்து எது, மெத்து இல்லாதது எதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அந்த நம்பிக்கைதான் அவரை இன்றுவரை கொன்றுகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தார். முதலில் டயரில் காற்றைக் குறைத்தார். காற்று குறைந்தால் டயர் மெத்தென்றுதானே ஆக வேண்டும்? மெத்தென்று ஆனது டயர் இல்லை, ஸ்டியரிங். வலது பக்கம் திருப்பினால் கார் கொஞ்சம் யோசித்து, பிறகு சம்மதித்து, ஒரேயடியாகத் திரும்பியது. ரவுண்டானாவைச் சுற்றி முடிக்கும்போது நாலாவது கேக் இடது பக்கம் சரிந்திருந்தது. அடுத்த பள்ளத்தில் சக்கரத்தின் இரும்பு விளிம்பே தரையில் இடித்து நெளிந்தது.

"இந்தத் தடவை இடது பக்கம்," என்றாள் மனைவி. "கை மட்டும் இல்லைங்க, கண்ணும் போயிடுச்சு போல."

காற்றைத் திரும்ப நிரப்பினார். அடுத்த வாரம் தன் தொழில் அறிவு மொத்தத்தையும் களத்தில் இறக்கினார். தொழிற்சாலையிலிருந்து முதல் தரமான நுரைப்பஞ்சு மெத்தைத் துண்டைக் கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் விரித்தார். அரை அடி உயரம். அவரே அழுத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

அது நிஜமாகவே முதல் தரம். ஒரு பள்ளத்துக்கு ஐந்து முறை கேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடித்தது. மண்டபம் வருவதற்குள் கேக் நடுவில் முறுக்கிக்கொண்டு, பிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி கிரீம் அடிக்கும் மெஷினைக் கழுவித் துடைத்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆர்டர் ஒண்ணு வாங்கியாச்சு. அதோட கடையை மூடிடறேன். மெஷினை என் தங்கச்சி கேட்டிருக்கா."

"ஆர்டர் வந்துட்டேதானே இருக்கு?"

"அதுதாங்க அவமானமா இருக்கு. இவ்வளவு கோணலாக் கொடுத்தும் கூப்பிடறாங்கன்னா என்ன அர்த்தம்? பாவம்னு கொடுக்கறாங்க. எனக்குப் பரிதாபம் வேண்டாம்."

பன்னிரண்டு வருஷம் அவள் கட்டி வளர்த்த கடை. சமையலறை மேசையில் ஆரம்பித்து, முன் அறை முழுக்க அலமாரி வைத்து நடத்துகிற கடை. அதை ஒரு வாட்ச்மேனின் சல்யூட்டுக்காக இழுத்து மூட வைக்கிறோமே என்று சூப்பர்வைசர் வெட்கத்தில் குன்றிப் போனார். தன்னைத் தானே பார்க்கப் பிடிக்காமல் கண்ணாடியைப் பாராமல் சவரம் செய்து, தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் டயர் கடையில் நின்றார்.

"என்ன சார், ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிட்டாரா?"

"என் பழைய சக்கரம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு ஓரமாப் போட்டு வெச்சேன். பதினேழு போட்டவங்க பாதிப் பேர் திரும்பி வருவாங்க. முதுகைப் பிடிச்சுக்கிட்டு."

பழைய சக்கரங்கள் ஏறின. கழற்றிய பளபளச் சக்கரங்களை, நெளிவை நிமிர்த்தச் சொல்லி அங்கேயே ஒரு பல் டாக்டர் வாங்கிக்கொண்டு போனார். கார் பார்ப்பதற்கு மறுபடியும் குட்டையாக, அசடாக, அவரைப் போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அதே ரோடு, அதே பள்ளம். சூப்பர்வைசர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கார் சும்மா ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தது. ரவுண்டானாவில் லேசாகச் சாய்ந்து, சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது.

"என்னங்க!" மனைவி கூவினாள். "அசையவே இல்லைங்க! நூல் பிடிச்ச மாதிரி நிக்குது! என் கை திரும்பி வந்துடுச்சு!"

அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்பார். கடையும் பிழைத்திருக்கும், குட்டும் வெளிப்பட்டிருக்காது. அவரும் விடத்தான் இருந்தார்.

"மாத்திரை வேலை செஞ்சிருக்கு," என்றாள் அவள்.

"என்ன மாத்திரை?"

"கை நரம்புக்கு. டாக்டர்கிட்ட போய் வாங்கிச் சாப்பிட்டுட்டு இருக்கேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல."

சூப்பர்வைசர் காரை ஓரமாக நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னார். சல்யூட்டைச் சொன்னார், காற்றைச் சொன்னார், பஞ்சைச் சொன்னார். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஹாரனைப் பார்த்தபடியே சொன்னார்.

"உன் கைக்கு ஒண்ணுமே இல்லம்மா. நான்தான் கேவலமானவன்."

பின்சீட்டில் அவள் கேக் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி மூடினாள்.

"ஒரு சல்யூட்டுக்கு," என்றாள் கடைசியில்.

"ஆமா."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம். இப்ப வண்டியை எடுங்க, நேரமாச்சு."

மண்டபத்தில் அவரே கேக்கைச் சுமந்துபோய் மேசையில் வைத்தார். மூன்று அடுக்குகளும் அளவெடுத்து அடுக்கியதுபோல் நேராக நின்றன. மனைவி இந்த முறை ஓடவில்லை. நிமிர்ந்து நின்றாள். அவளை அப்படிப் பார்த்ததில் அவருக்குக் கண் கலங்கியது.

மகளின் பிறந்தநாளுக்கு ஆர்டர் கொடுத்திருந்த அம்மாள் வந்து கேக்கை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பார்த்தார். இன்னொரு சுற்றுச் சுற்றினார். காலிப் பெட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தார். முகம் தொங்கிப் போயிற்று.

"ஏங்க, இப்படி நேரா நிக்கிற கேக்கு எங்க தெருமுனையிலேயே கிடைக்குமே! ஊரே பேசுற உங்க சாய்ஞ்ச கேக்கு வேணும்னுதானே ஒரு மாசம் காத்திருந்து ஆர்டர் கொடுத்தோம்?"