கதாநாயகருக்கு ஒரு கழிப்பறை

பெண்ணாய்ப் பிறந்தவர்களின் துயரத்தை இவ்வுலகில் முதன்முதலாக முழுதுணர்ந்தவர் ஓர் ஆண்தான் என்பதைக் கீழ் கோத்தகிரித் தேயிலைக் காடு பெருமையோடு அறிவித்துக்கொள்கிறது.

அவர் சினிமாக் கதாநாயகர். காதலியை நெருங்கப் பெண்வேடமிட்டுக் கொழுந்து பறிக்கிற, பாட்டும் கூத்துமான படம். கூடைக்குள் பஞ்சு, ரவிக்கைக்குள்ளும் அதுவே. கால்மணி நேரம் ஆடியவர் பாட்டை நிறுத்தி, "அவசரமா ஒதுங்கணும். சேலையோட எங்கய்யா போறது?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

தோட்டத்து மேனேஜர் தொரை பதறிப்போனார். மதியத்துக்குள் சரிவில் தகரக் கழிப்பறை எழும்பியது. உள்ளே முகம் பார்க்கக் கண்ணாடி வேறு.

வேடிக்கை பார்த்த சாந்தாமணி வாயைப் பிளந்தாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் அவள் அம்மா காலத்திலிருந்து கேட்பது அதைத்தான். 'மண் சரியும்' என்பது நிர்வாகத்தின் 'பரிவான' பதில். அதனாலேயே காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் மலையேறுகிறவள் அவள்.

படப்பிடிப்பு முடிந்ததும் கண்ணாடி முதல் தகரம்வரை எல்லாம் லாரியில் ஏறின. மண் சரிந்ததாகத் தகவல் இல்லை.

ஃபாக்டரியில் இலை வாட்டும் சுடலைமுத்து அவளை மணக்கத் துடித்துக்கொண்டிருந்தான்.

"என்னையக் கட்டோணும்னா மொதல்ல சேலையக் கட்டு" என்றாள்.

"ஏம்புள்ள, வெளையாடறயா?"

"ஆம்பளை சேலை கட்டிட்டுக் கேட்டாத்தான் தொரைக்குக் காது கேக்குது. போய்க் கேளு."

அவனுக்குச் சேலையைச் சுற்றி, மழைக்குப் போடும் சாக்குக் கொங்காடையை மீசை மறைய இழுத்துவிட்டு, பெண்கள் குலவையிட்டு ஆபீஸுக்குள் தள்ளினார்கள்.

"ஏனுங்க தொரை," கதாநாயகரின் அதே கீச்சுக்குரலில் இழுத்தான், "பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸு கட்டிக் குடுங்க."

தொரை நிமிரவேயில்லை. "முடியாது. போம்மா, வேலையைப் பாரு."

சாந்தாமணி கொங்காடையை வெடுக்கென்று உருவினாள். "நல்லாப் பாருங்க தொரை. கேக்கறது ஆம்பளைதானுங்க!"

தொரை நாற்காலி குலுங்கச் சிரித்தார். "அட சுடலை! உனக்கெதுக்குடா கக்கூஸ்? மரத்தடிக்குப் போ."

பெண் கேட்டால் முடியாது. ஆண் கேட்டால் தேவையில்லை. நிர்வாகத்தின் சமநீதி இம்மியும் பிசகவில்லை.

"சரிங்க. அவன் மரத்தடிக்குப் போகட்டும். நாங்க உங்களதுக்கே போயிக்கறோம்" என்றாள் சாந்தாமணி.

அறைக்குப் பின்னால்தான் தொரையின் சொந்தக் கழிப்பறை. பெண்கள் வாசல்வரை வரிசை கட்டினார்கள். சுடலைமுத்துவும் மரத்தடிக்குப் போகாமல், சேலையோடு வரிசையில் நின்றான். அவனையே கட்டிக்கொள்வதென்று அங்கேதான் அவள் முடிவுசெய்தாள்.

மறுநாளே சரிவில் தகரம் எழும்பியது. வாசலில் பளபளவென்று பலகை: 'பெண்களின் துயருணர்ந்த கதாநாயகர் நினைவாக.'

"கேட்டது நாங்க. எங்க பேரு ஒண்ணு கூட இல்லீங்களா தொரை?" என்றாள் சாந்தாமணி.

"ஏன் இல்லாம? தினம் கழுவறதுக்கு உன் பேரைத்தானே போட்டிருக்கேன்!"