நாலு வரிக் கடிதமும் விரைவில் சாரும்

பதினோரு ஆண்டுகள், நூற்று நாற்பத்திரண்டு கூட்டங்கள், ஒன்பது குழுக்கள், மூன்று இலச்சினைகள். இவ்வளவும் ஒரே மனிதரின் சாதனை. இந்தப் பட்டியலில் வீடியோ கேம் எத்தனை என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். கேட்டவர்களை அவர் பத்தாவது குழுவில் போட்டுவிடுவார்.

சங்கத் தலைவர் என்ற பேரினத்தில் இவர் ஒரு தனிப் பிரிவு: வீடியோ கேம் உருவாக்குவோர் சங்கத் தலைவர். பேருந்து ஓட்டுநர் சங்கத்துக்குத் தலைவராக வருகிறவர் என்றைக்காவது ஒரு பேருந்தை ஓட்டியிருப்பார். இந்தப் பிரிவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இவரும் ஒரு கேம் செய்யத் தொடங்கினார், மறுப்பதற்கில்லை. அதன் சுவரொட்டி சங்க அறையின் கதவுக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. வாளை ஓங்கிய ஒரு வீரன், பின்னால் எரியும் கோட்டை, கீழே கொட்டை எழுத்தில் ‘விரைவில்’. வெயில் பட்டுப் பட்டு வீரனின் மூக்கு அழிந்துவிட்டது. ஓங்கிய கை மட்டும் இறங்கவில்லை. உறுப்பினர்கள் முகத்துக்கு நேரே ‘தலைவர்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘விரைவில் சார்’.

அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் ஒரு நாடா, நாடாவின் நுனியில் அட்டை, அட்டையில் எப்போதோ முடிந்துபோன ஒரு மாநாட்டின் பெயர். முடிவெட்டப் போகும்போதும் அதைக் கழற்றமாட்டார். ‘செய்யலாம்’ என்ற சொல் அவர் வாயில் வராது, ‘முன்னெடுக்கலாம்’ என்றுதான் வரும். ‘தாமதம்’ என்று சொல்லமாட்டார், ‘மெருகேற்றுகிறோம்’ என்பார். வெள்ளைப் பலகையைக் கண்டால் மூன்று வட்டம் போட்டு, வட்டங்களை அம்புக்குறிகளால் இணைத்து, நடுவில் ‘நாம்’ என்று எழுதி அடிக்கோடு இழுத்தால்தான் கை அடங்கும். ஏதாவது கேட்டுப் பாருங்கள். “நல்ல கேள்வி” என்பார். பதிலும் அதுதான்.

இன்னொரு குணத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. கேம் தொழிலில் வெளியீட்டைத் தள்ளிப்போடுவது மரியாதைக்குரிய காரியம். பாதி வெந்ததைக் கடையில் வைத்தால் வாங்கியவர்கள் வாயில் வந்தபடி திட்டுவார்கள். பொறுப்பானவர்கள் நாலு மாதம் தள்ளிப்போட்டு, பிழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகே வெளியே விடுவார்கள். கேமுக்கு அது சரி. விரைவில் சார் அதை உலகத்துக்கே பொருத்திவிட்டார். சங்க அறையின் கை கழுவும் குழாய் மூன்று வருஷமாக ஒழுகுகிறது. அதைப் பழுதுபார்ப்பது ‘இரண்டாம் கட்ட’த்தில் இருக்கிறது. ஆண்டுக் கூட்டம் போன ஆண்டு நடக்கவில்லை. மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம்தானே என்பீர்கள். போன மாதம் அந்த அறைக்கு வந்த பெண்ணைப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

அவள் அனிமேஷன் செய்கிறவள். ஒரு காட்டு விளையாட்டில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். அதில் வரும் பதினான்கு மிருகங்களின் நடை அவள் கொடுத்தது. ஒரு கிழக்கரடி காலைத் தாங்கித் தாங்கி மேடேறும். முழங்கால் போன தன் அப்பா மாடிப்படி ஏறுவதைப் பார்த்துப் பார்த்து அதைச் செய்தாள். அந்த முழங்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டாள். வெளியீட்டுக்கு அப்போது இரண்டு மாதம் பாக்கி.

கம்பெனியில் ஒரு வழக்கம். கேம் முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலில், வெளியீட்டு நாளன்று சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டுமே இடம். முன்னால் போனவர்கள் போனவர்கள்தான். இதில் என்ன பெரிய நஷ்டம்? செய்த வேலை அத்தனையும் கம்பெனியின் சொத்து. ஒரு படத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போய் யாருக்கும் காட்ட முடியாது. நான்தான் செய்தேன் என்று சொல்ல இந்தத் தொழிலில் ஒரே சான்று அந்தப் பட்டியல். அதில் பெயர் இல்லாவிட்டால் மூன்று வருஷம் அவள் தூங்கிக்கொண்டிருந்ததாகத்தான் அர்த்தம்.

கம்பெனியின் தயாரிப்பு மேலாளர் கெட்டவர் அல்ல. “சங்கத்துலேர்ந்து ஒரு கடிதம் மட்டும் வாங்கிட்டு வாம்மா. மேல காட்ட எனக்கு ஒரு தாள் வேணும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் பட்டியலப் பூட்டிடுவோம். அதுக்கப்புறம் யார் வந்து சொன்னாலும் ஒரு எழுத்து சேர்க்க முடியாது” என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை காலையில் அவள் சங்கத்துக்கு வந்தாள். முப்பது நாளுக்கு மேல் உழைத்த எவர் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும் என்று சங்க விதிப் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் அச்சிட்டே இருக்கிறது. அதை எடுத்துக்காட்டி நாலு வரியில் கடிதத்தை அவளே அடித்துக்கொண்டு வந்திருந்தாள். கையெழுத்து வேண்டும், முத்திரை வேண்டும். முத்திரை மேசை இழுப்பறையில் இருக்கிறது. மையும் காயவில்லை.

விரைவில் சார் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார்.

“ரொம்ப அழகா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா இத இப்படியே அனுப்பினா வீணாப் போயிடும்.”

“நாலு வரிதானே சார். கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தா போதும்.”

“இது உங்க ஒருத்தர் பிரச்சினை இல்லம்மா. இது ஒரு தொடக்கம்.”

இந்த இனத்தின் வாயிலிருந்து ‘தொடக்கம்’ என்று வந்தால் உங்கள் காரியம் முடிந்தது என்று எழுந்து வந்துவிட வேண்டும். அவளுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தாள்.

சங்கச் செயலாளர் பதினைந்து வருஷமாக அடுத்தவர் செய்த கேம்களில் பிழை கண்டுபிடித்துப் பிழைப்பவர். அவர் அந்தக் கடிதத்தைப் பிழைப் பட்டியலில் ஏற்றினார்: ‘கடிதம், பதிப்பு 0.1’. செவ்வாய்க்கிழமைக்குள் பத்தொன்பது பிழைகள். முதல் பிழை, இலச்சினை இல்லை. இரண்டாவது பிழை, இப்போது போட்டிருக்கும் இலச்சினை பழையது. ‘அன்புள்ள’வா ‘மதிப்பிற்குரிய’வா என்று வாக்கெடுப்பு நடந்து சமமாக முடிந்ததால் இரண்டையும் போட்டார்கள். புதன்கிழமை ஓர் உறுப்பினர் கைப்பேசியில் கடிதத்தைத் திறந்து பார்த்து, நாலாவது வரியைக் கட்டைவிரல் மறைக்கிறது என்று அறிவித்தார். தீவிரம்: உயர். காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டிய கடிதம் அது என்பது யாருக்கும் நினைவில்லை. வியாழக்கிழமை தலைவர் கடிதத்துக்கு ஒரு கதை வேண்டும் என்றார். கதை வந்தது. சங்கம் பிறந்த வரலாறு முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ள, அவள் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டாள்.

தினமும் போன் செய்தாள். மெருகேறிக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது. அவளுடைய அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “இழுப்பறையத் திறந்து நீயே ஒரு குத்து குத்திட்டு வந்திருக்கணும்டி. சார் சார்னு கையக் கட்டிட்டு நின்னுட்டு வர்றா பாரு” என்றாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு மாடி ஏறினாள். பதிப்பு 0.8. இன்னும் இரண்டு பிழை பாக்கி, இரண்டும் அடிக்குறிப்பில். அறையில் ஏழு உறுப்பினர்கள் திரையைச் சுற்றி நின்றார்கள், பிரசவ அறை வாசலில் நிற்பதுபோல. நாலு மணிக்கு விரைவில் சார் கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டு முடிவை அறிவித்தார்.

“அரைகுறையா வெளியிடறது நம்ம உறுப்பினர்களுக்குச் செய்யற துரோகம். செவ்வாய்க்கிழமை தரமா விடறோம்.”

“சார், அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க.”

“நல்ல கேள்வி,” என்றார்.

ஏழு பேரும் தலையாட்டினார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. வாழ்நாள் முழுக்க எதையாவது தள்ளிப்போட்டே நல்ல பெயர் எடுத்தவர்கள். தள்ளிப்போடும்போது அவர்கள் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், அது வந்தது. அவள் தன் பழைய நாலு வரித் தாளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடினாள். நாலு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தாள். மேலாளர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “முத்திரை இல்லையேம்மா” என்றார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஐந்து மணிக்குப் பூட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கடிதம் வெளியானது. ஆமாம், விழா வைத்துத்தான். முதலில் நாற்பது விநாடிக்கு ஒரு முன்னோட்டப் படம், அதில் எழுத்துகள் நெருப்பாகப் பறந்து வந்து உறையாக மடிந்தன. கைதட்டல். கடிதத்தின் கடைசியில் ஒரு பெயர்ப் பட்டியல்: ‘இக்கடிதத்தை உருவாக்கியவர்கள்’. இருபத்துமூன்று பேர். தலைவருக்கு முதல் இடம். கட்டைவிரல் கண்டுபிடிப்பாளருக்கு ஒரு வரி, வாக்கெடுப்பு நடத்தியவருக்கு ஒரு வரி, டீ வாங்கி வந்தவருக்குச் சிறப்பு நன்றி. ஒரே ஒரு பெயர்தான் இல்லை. பதிப்பு 0.9-இல் அதை நீக்கிவிட்டு ‘நம் உறுப்பினர் ஒருவர்’ என்று போட்டிருந்தார்கள்.

அவள் எழுந்து கேட்டாள். “சார், என் பேரு?”

“உங்க தனியுரிமையப் பாதுகாத்திருக்கோம்மா,” என்றார், நன்றியை எதிர்பார்க்கும் குரலில்.

இந்தப் பிறவியை இப்போது நீங்கள் நன்றாகத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். திட்டுங்கள். ஆனால் உங்கள் குடியிருப்பிலும் ஒரு சங்கம் இருக்கும், அலுவலகத்தில் ஒரு குழு, கைப்பேசியில் இன்னொரு குழு. யாரோ ஒருவர் நாலு வரி எழுதிய தாளை உங்களிடமும் நீட்டியிருப்பார். அவர் கேட்டது கையெழுத்து. நீங்கள் பேனாவைத் திறந்தீர்கள், வாஸ்தவம். திறந்து இரண்டாவது வரியில் ஒரு சொல்லை அடித்து அதைவிட நல்ல சொல்லாகப் போட்டுவிட்டு, “இன்னொரு தரம் எழுதி எடுத்துட்டு வாங்க” என்று சொன்னது யார்? அவர் திரும்பி வந்தாரா?

காட்டு விளையாட்டு பத்தாம் தேதி வெளியாகிறது. அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் வேறொரு கம்பெனியில் சேருகிறாள், அனுபவம் இல்லாதவர்களுக்கான பிரிவில்.