இமைமேல் ஒரு கல்

சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையல்காரரின் கண்ணுக்கு ஊசி நுனி தெரியவில்லை. வலது மேல் இமையில் மிளகளவு இருந்த கட்டி கொண்டைக்கடலை அளவுக்கு வளர்ந்து, இமையையே கீழே இழுத்திருந்தது.

கண்கட்டிதான் என்று மனைவி ஒத்தடம் கொடுத்தாள். இமை சிவந்தது. மைத்துனர் ஏதோ களிம்பைத் தடவினார். கண் பாதி மூடிக்கொண்டது. அந்தக் கண்ணோடு வெட்டியதில் ஒரு வக்கீலின் பேண்ட்டுக்கு ஒரு கால் நீண்டுவிட, கேஸ் போடுவேன் என்று அவர் கத்திவிட்டுப் போனார்.

வேறு வழியில்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டியைத் தொட்டுப் பார்த்த டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"கல்லு மாதிரி இருக்கே!"

பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூட்டிவந்தார். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் என்னவென்று தெரியும் என்றார்கள். புற்றுநோய்தான் என்று தையல்காரர் தானாகவே முடிவுகட்டிக்கொண்டார்.

கட்டியை எடுத்துத் தையல் போட்டு அனுப்பியதும் வீட்டுக்கு வந்து படுத்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

மகள் ரெடிமேட் துணிக்கடைக்காரன் ஒருவனை விரும்பினாள். தன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவனுக்கா பெண் கொடுப்பது என்று இத்தனை நாளாக முறுக்கிக்கொண்டிருந்தார். இப்போது மனைவி கட்டிலருகே வந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இப்போ எதுக்குங்க? நல்லது நடக்கிறதைக் கண்ணாரப் பாத்துடுங்க."

அதற்குமேல் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால் நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணச் சட்டையை மட்டுமாவது தன்னைத் தைக்கவிடும்படி கேட்டார். கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. மனைவி மட்டும் பந்தி வேலையாக உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் தையல் பிரிக்க மாப்பிள்ளைதான் அழைத்துப் போனான். பிரித்து முடித்த டாக்டர் தட்டிக்கொடுத்தார்.

"முடி வேர்ல வர்ற கட்டி. இமையில வர்றது ரொம்ப அபூர்வம். புற்றுநோய் இல்ல. முழுசா எடுத்தாச்சு, தைரியமா இருங்க."

தையல்காரர் மாப்பிள்ளையை இறுகக் கட்டிக்கொண்டார். நல்ல பையன் என்று முதல் தடவையாகத் தோன்றியது. வெளியே வரும்போது நர்ஸிடம், இதை ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று குறைபட்டுக்கொண்டார்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"போன வியாழக்கிழமையே போன் பண்ணிச் சொன்னோமே சார். உங்க வீட்டம்மாதான், நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன்னாங்க."