வெள்ளுடையாள் தராசேறிய படலம்

வாழ்க அவள்! பன்னிரண்டாண்டு சத்திரசிகிச்சை வார்ட்டில் ஒளித்துக்கொண்ட நரம்பையும் ஒரே குத்தில் கண்டெடுத்த ஊசிக்கரத்தாள், கஞ்சியிட்டு மினுக்கிய வெள்ளுடையாள், மூன்று கரண்டிச் சீனித் தேத்தண்ணியாள், ஸ்கந்தபுரத்துப் பிரியந்தினி நீடு வாழ்க! கலைமகளே, அவள் பாடசாலைத் தாதியாகப் பயின்ற கதையைச் சொல்ல எனக்கு மூச்சுக் கொடு. வசனங்கள் நீளப் போகின்றன.

பயிற்சி மூன்று நாள். கடைநாளில் உருத்திரபுரத்துப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரின் நிறையை இடைவேளை மணிக்கு முன் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் வேலை. தவறினால் இரண்டு பஸ் ஏறிப் போகும் அந்தப் பழைய வார்ட்.

முதல்நாள் மங்கல விளக்கேற்றி, வரவேற்புரை முழங்கி, தலைமையுரை பொழிந்து, சிறப்புரை பெருகி, சிறப்புரையைச் சிறப்பித்த உரையும் கரைபுரண்டோடி ஓய்ந்தபின், பயிற்றுநர் விமலேஸ்வரிக்கு மிஞ்சியது ஐந்தே நிமிடம். "ஒண்டை மட்டும் மறந்திடாதேங்கோ. வெள்ளை உடுப்போடை வகுப்புக்குள்ளை போகாதேங்கோ. பிள்ளையள் ஊசியெண்டு பயப்பிடுவினம்." முழுப் பயிற்சியிலும் உருப்படியான சொல் இது ஒன்றுதான். அந்நேரம் நம் தலைவியோ, இரண்டு ரோல்ஸ் உண்ட களைப்பில், கதிரையிலேயே நித்திரை.

ஐயோ விதியே! கடைநாட் காலை, தூவெள்ளைச் சீருடை சரசரக்க, தராசைக் கேடயமெனக் கக்கத்தில் இடுக்கி, வீரத்திருமகள் வகுப்பினுட் புகுந்தாள். "ஊசி!" என்றொரு குரல் வெடித்ததுதான் தாமதம், மேசைக்கடியில் சிலர், அலுமாரிக்குப் பின்னால் சிலர், யன்னலேறி மாமரத்தடிக்குச் சிலரென மூன்றாம் வகுப்புப் பெரும்படை முழுதும் சிதறியது.

"ஊசி இல்லைப் பிள்ளையள்! நிறைதான் பாக்கப் போறன்!"

"போன முறையும் உப்பிடித்தான் சொன்னவை" என்றது அலுமாரி.

வாசலில் விமலேஸ்வரி, ஒரு கையில் பேனா, கண்ணெல்லாம் மணிக்கூட்டில். இடைவேளைக்கு இன்னும் கால் மணித்தியாலம். பிரியந்தினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது மேசைக்காலைக் கட்டிக்கொண்டிருந்த, முன்பல் இரண்டு விழுந்த யதுர்ஷிகா என்னும் படைத்தலைவி, தலையை மட்டும் நீட்டிப் பிரகடனம் செய்தாள்: "மிஸ்ஸி, நீங்கள் முதல் ஏறுங்கோ. உங்களுக்கு ஒண்டும் செய்யாட்டி நாங்கள் ஏறுறம்."

அந்தோ, கணவன் பிரதீபனிடம் ஆறாண்டாக "ஐம்பத்தெட்டுக் கிலோதான்" என்று சாதித்துவந்த பேரிரகசியம்! ஆயினும் வேலை பெரிதல்லவா? படைக்கலம் துறக்கும் வேந்தனெனச் சப்பாத்தைக் கழற்றினாள், இடுப்புப்பட்டியைக் கழற்றினாள், கைக்கடிகாரத்தைக் கழற்றினாள், சட்டைப்பையிலிருந்த பேனாவையும் எடுத்து வைத்தாள், மூச்சை உள்ளிழுத்தாள், ஏறினாள். மூச்சை இழுத்தால் நிறை குறையாதென்பது தாதிக்குத் தெரியாததல்ல.

"எழுவத்தொன்பது!" என்று யதுர்ஷிகா கூவினாள். மேசைக்கடி அதை அலுமாரிக்குச் சொல்ல, அலுமாரி யன்னலுக்குச் சொல்ல, யன்னல் மாமரத்துக்குச் சொல்ல, பக்கத்து வகுப்பு வாத்தியார் சிவராசாவும் எட்டிப் பார்த்துச் சிரிக்க, பயந்தொளித்த படை முழுதும் சிரித்துக்கொண்டே வந்து தராசின் முன் வரிசையில் நின்றது. மணி அடிக்குமுன் இருபது நிறையும் ஏறியாயிற்று. விமலேஸ்வரி "மிக நன்று" என்று எழுதிக் கையொப்பமிட்டாள். வெற்றி! வெற்றி! வன்னியெங்கும் முரசறைக!

அன்று பின்னேரம் பிரியந்தினி தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை.